ஆமையின் காது

காட்டுப் பறவைகள் எங்கெங்கே கூடு வைத்திருக்கின்றன என்ற ரகசியம் காவல்கார உடும்புக்கு மட்டும்தான் தெரியும். அந்த உடும்பே நேற்று காடையின் முட்டைகளைத் தின்றுவிட்டது என்று காடை வழக்குப் போட்டது.

"நேத்து முழுக்க நான் வேறொரு கூட்டுக்குக் காவல் இருந்தேன். நிரூபிக்கணும்னா அது எங்கே இருக்குன்னு சபையில சொல்லியாகணும். சொல்லட்டுமா?" என்றது உடும்பு.

மேலே கிளையிலிருந்த பருந்து கழுத்தை நீட்டியது. பறவைகள் பயந்துபோய், "வழக்கை வாபஸ் வாங்கிடும்மா" என்று காடையிடம் கெஞ்சின. காடை மறுத்துவிட்டது.

நீதிபதி ஆமை, "சபைக்கு எதுக்கு? யாரோட கூடுன்னு என் காதுல சொல்லு போதும்" என்றது. உடும்பு வேறு வழியில்லாமல் ஒரு பெயரை முணுமுணுத்தது.

"அந்த ஒருத்தியை மட்டும் கூப்பிட்டா பருந்து அவ பின்னாலேயே போயிடும். அதனால எல்லாரும் வரிசையா வாங்க. நேத்து உங்க கூட்டுக்கு உடும்பு வந்துச்சான்னு என் காதுல சொல்லுங்க" என்றது ஆமை, பறவைகளிடம்.

கெஞ்சிய பறவைகளே வரிசையில் நின்றன. யார் என்ன சொன்னாலும் ஆமை ஒரே மாதிரி தலையாட்டியது. பருந்துக்குக் கழுத்து வலித்ததுதான் மிச்சம்.

"உடும்பே, நீ சொன்ன கூட்டுப் பக்கமே நீ போகலை. சொன்னது பொய். காவல் வேலை இனி உனக்கு இல்லை" என்று ஆமை தீர்ப்புச் சொன்னது.

"அதைச் சொன்னது யாரு?" என்றது பருந்து, பொறுக்க முடியாமல்.

"அடுத்த வழக்கு!" என்றது ஆமை.

சபை கலைந்ததும் காடை ஆமையிடம் போனது.

"ஐயா, நான் மறுபடியும் முட்டை இடப்போறேன். இடத்தைச் சொல்றேன், காதைக் கொடுங்க."