காசோஸிலிருந்து ஐந்து நிமிடம்

"அஞ்சே நிமிஷம் மாமா! காசோஸ்ல பெல்ட்டை மாட்டினா கார்பதோஸ்ல கழட்ட வேண்டியதுதான். இதுக்கா இந்த நடுக்கம்?"

எவாந்தியா கத்தியது அந்தக் குட்டிக் கிரேக்கத் தீவின் விமான நிலையம் முழுக்கக் கேட்டது. முழுக்க என்றால், இருப்பதே ஒரு கூடம்தான்.

மவ்ரிகிஸ் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். துறைமுகத்தில் புதிதாக இரும்புக்கடை போட்டிருக்கும் வெளியூர்க்காரர். போர்டிங் பாஸ் கையில் இருந்தது; கால் என்னவோ வாசல் பக்கம் திரும்பியிருந்தது.

"இவர் எப்பவும் இப்படித்தாம்மா" என்றாள் வரிசையில் நின்ற ஒரு பெண். "காத்தடிச்சுக் கப்பல் நின்னா போதும், முதல் ஆளா டிக்கெட் போட்டுருவார். விமானத்தைப் பார்த்ததும் வயித்தைக் கலக்கிரும். வீட்டுக்குத் திரும்பிருவார்!"

கூடமே சிரித்தது.

எவாந்தியாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் மடியிலிருந்த பெட்டிக்குள் தோழியின் கல்யாணக் கிரீடங்கள். மணமக்கள் தலையில் அவற்றை மூன்று முறை மாற்றி வைக்க வேண்டியவள் அவள்தான். அவள் போகாமல் பாதிரியார் வாயையே திறக்க மாட்டார். சாயங்காலம் கார்பதோஸில் கல்யாணம். இன்றைக்கும் கப்பல் இல்லை. விமானத்திலோ சீட் இல்லை. காத்திருப்போர் பட்டியலில் முதல் பெயர் அவளுடையது.

"ஏறத் தைரியம் இல்லேன்னா எதுக்கு இடத்தை அடைச்சு வைக்கிறீங்க? அவசரமாப் போறவங்க கதி என்ன? இது சுயநலம் இல்லாம வேற என்ன?" ஏதென்ஸில் சட்டம் படிக்கிறவள், கேள்விகளுக்குப் பஞ்சமில்லை.

"இந்தத் தடவை கண்டிப்பா ஏறிடுவேன் கண்ணு."

"ஏறினா ஏறுங்க, இல்லேன்னா இறங்குங்க!"

"இன்னும் ஏறவே இல்லையே, எங்கேயிருந்து இறங்கறது?"

குட்டி விமானம் காற்றில் தள்ளாடித் தரையிறங்கியது. மவ்ரிகிஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயோ, இந்தத் தட்டான்பூச்சியிலயா! ஆளை விடுங்கம்மா."

வேகவேகமாக வெளியே போய்விட்டார். எவாந்தியாவின் பெயரைக் கூப்பிட்டார்கள்.

விமானம் மேலே எழும்பியபோது அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. எதிரே அமர்ந்திருந்த பணிப்பெண்ணிடம் அளந்தாள்.

"நாலு கேள்விதான் கேட்டேன், மனுஷன் ஓடியே போயிட்டார். இரும்புக்கடை மவ்ரிகிஸ். சரியான பயந்தாங்கொள்ளி!"

பணிப்பெண் சிரித்தாள். "அவரா? பட்டாளத்துல பாராசூட் கட்டிக்கிட்டு விமானத்துலேர்ந்து குதிச்சவராச்சே! காத்து வரப்போகுதுன்னா யாருக்காவது உதவும்னு ஒரு சீட் போட்டு வெச்சுருவார்."

எவாந்தியா திகைத்தாள். உடனே கோபமும் வந்தது.

"அதுக்கு எதுக்கு இந்த நாடகம்? 'இந்தா, நீ போம்மா'ன்னு நேரா விட்டுக் கொடுத்தா ஆகாதா?"

சக்கரம் கார்பதோஸ் மண்ணைத் தொட்டது.

"கொடுத்துப் பார்த்தார். உங்க ஊர்க்காரங்க ரோஷக்காரங்க, ஒருத்தரும் வாங்கல. பயந்தாங்கொள்ளி விட்டுட்டு ஓடின சீட்டுன்னா மட்டும், திட்டிக்கிட்டே ஏறிக்கிறாங்க!"