அப்பா படத்து பல்பு

அம்மாவின் கண்ணுக்காக ஏற்றிய மருந்து உடம்பில் இருக்கும்வரை வெளிச்சம் பட்டால் தோல் வெந்துவிடும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். செல்வநாயகி டத்தோ கிராமாட் பகுதியிலிருந்த வீட்டு ஜன்னல்களையெல்லாம் கறுப்புத் துணியால் மூடினாள். செத்துப்போன அப்பாவின் படத்துக்கு முன் எப்போதும் எரியும் சிவப்பு பல்பைக்கூடக் கழற்றி டிராயரில் போட்டாள்.

அப்படியும் அம்மாவின் இடது கன்னம் கொப்பளித்துவிட்டது.

"வெயில்ல போனீங்களா?" டாக்டர் எரிந்து விழுந்தார்.

"வாசப்படியே தாண்டலை லா!" அம்மா கத்தினாள்.

இருவரும் முறைத்தது செல்வநாயகியைத்தான்.

வீட்டுக்கு வந்ததும் கடுப்போடு துணிகளைத் தடவிப் பார்த்தாள். ஓர் ஓட்டைகூட இல்லை.

"எந்தப் பக்கம் பாத்துப் படுத்தீங்கம்மா?"

"எப்பவும்போல உங்கப்பாவைப் பாத்துத்தான்."

செல்வநாயகி டிராயரைத் திறந்து பல்பைத் தொட்டாள். விரலைச் சுட்டது.