எடுத்து வைக்க மறந்த படம்

ஈப்போவிலிருந்து நிருபர் ரோய்ஸ்டன் வந்து உட்கார்ந்த பிறகுதான் வீரம்மாவுக்குச் சுருக்கென்றது. சுவரிலிருந்த படத்தை எடுத்து வைக்க மறந்துவிட்டாள்.

"ஒங்க மக தினேஸ்வரி இன்னைக்கு பெரிய விஞ்ஞானி. எஸ்டேட் ஸ்கூல்ல எப்படி ஆன்ட்டி?"

"எப்பவும் மொத நம்பர்லா."

அவன் பார்வை சுவருக்குப் போனது. மாலைக்குள் ஒரு சிறுமி சிரித்தாள். கீழே, 'தினேஸ்வரி, மறைவு 1984.'

"ஆன்ட்டி, இது யாரு?"

வீரம்மா எழுந்து மாலையைச் சரிசெய்தாள்.

"நான் பெத்தவ. காய்ச்சல்ல போயிட்டா, அவ சாவ எங்கயும் பதியல. பக்கத்து லயத்து வீட்டுல ஒரு அநாதப் புள்ள. பொறந்த சூராட், அதான் பொறப்புப் பத்திரம், இல்லேன்னு ஸ்கூல்ல சேர்க்கல. எம்மவ சூராட்டக் குடுத்து, நானே வளர்த்தேன்."

ரோய்ஸ்டன் எழுதுவதை நிறுத்தினான்.

"பேப்பர்ல போட்டுடாத தம்பி. ஒவ்வொரு பட்டத்துக்கும் மேடையில எம்மவ பேரத்தானே கூப்புட்டாங்க!"