கலைந்த பிறகும்

விரல் அசைந்தது.

அவன் குனிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தான்.

மறுபடியும் அசைந்தது. மகளின் வலது கைச் சுண்டுவிரல்.

பந்தோபஸ்துக்குப் போட்டிருந்த காக்கி உடுப்போடு வராந்தாவில் ஓடினான். ஒரு ஏட்டு ஆஸ்பத்திரியில் இப்படியா ஓடுவது? யார் பார்த்தால் என்ன. டாக்டர் ஹமீதாவைக் கையோடு கூட்டிக்கொண்டுதான் திரும்பினான்.

இந்த வாரத் தொடக்கத்தில் அவர்தான் அவனை உட்காரவைத்துச் சொன்னார், மூளைக்காய்ச்சல் கிருமி போய்விட்டதென்று. பிறகு ஏன் பிள்ளை கண் திறக்கவில்லை என்று கேட்டான்.

"கிருமிய அடிக்க வந்த அவ உடம்போட காவல்தான் இப்ப மூளைய அடிச்சிட்டிருக்கு. எதிரி போனது அதுக்குத் தெரியல. மருந்து குடுத்து நிறுத்தணும்."

மற்ற அப்பாக்களுக்கு எத்தனை தரம் விளக்க வேண்டியிருந்ததோ. அவனுக்கு ஒரு தரம் போதுமாயிருந்தது. கூட்டம் கலைந்து தெரு காலியான பிறகும் நிற்காத லத்திகளை அவன் அறிவான். அதிகாரி நிறுத்தச் சொல்லிக் கத்தியது யார் காதிலும் விழவில்லை. அவன் காதிலும்தான்.

"இன்னிக்கே நிறுத்திடுங்க மேடம்."

மருந்து வேலை செய்துவிட்டது. இதோ, நிறைமதி கண் திறந்துவிட்டாள்.

அவனுக்குத் தலைகால் புரியவில்லை. மனைவிக்கு போன் போட்டான். அழுகையும் சிரிப்புமாக நர்ஸிடம் போனைக் கொடுத்துவிட்டான்.

"கண்ணு, என் விரலப் பிடி," என்றார் டாக்டர்.

வலது கை பிடித்தது. என்ன பிடி! டாக்டரே சிரித்துவிட்டார்.

"இப்ப அந்தக் கை."

அவன் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தான்.

இடது கை போர்வைமேல் கிடந்தது.

"அடிபட்ட இடம் உடனே சரியாகாது. பயிற்சி குடுப்போம். கொஞ்சம் கொஞ்சமா வரும்."

தடியடி நடந்த அன்று அந்தத் தெருவில் ஒரு தையல்காரர் கடையை மூடிக்கொண்டிருந்தார். கூட்டத்துக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை. தலையில் விழவிருந்ததைக் கையில் வாங்கினார். யாருடைய லத்தி என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும்.

மகளின் இடது கையை எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டான்.

"மேடம், பழைய அடிக்கும் இந்தப் பயிற்சி குடுப்பீங்களா?"

டாக்டர் அவன் கைகளைப் பார்த்தார்.

இரண்டும் நன்றாகத்தான் இருந்தன.