கயிற்றை இழுத்த பிறகு

“இழுத்தா நூறு பேர் நின்னுடுவாங்க. இழுத்தவனை யாரும் திட்ட மாட்டாங்க. அது இன்னா, சொல்லு பாப்போம்?”

பைக்கை ஓட்டிக்கொண்டே பிரவீன் விடுகதை போட்டான்.

பின்னால் உட்கார்ந்திருந்த மகள் தென்றல் யோசித்தாள். முன்னால் பெட்ரோல் டேங்க் மேல் அவள் இப்போதெல்லாம் உட்காருவதில்லை. மூன்றாம் வகுப்புக்கு வந்தாயிற்று. அது சின்னப் பிள்ளைகளின் இடம்.

“பஸ்ல இருக்கிற மணிக் கயிறு.”

“சும்மா இழுத்துப் பாரு. கண்டக்டர் எறக்கி வுட்டுடுவார்.”

“அப்ப தெரியல.”

“எங்க கம்பெனி லைன்ல தொங்குற கயிறு. ஏதாவது தப்பாத் தெரிஞ்சா, இல்ல ஒண்ணும் புரியலைன்னா இழுக்கணும். லைன் நின்னுடும். சூப்பர்வைசர் வருவார்.”

“அவர் வர்ற வரைக்கும்?”

“சும்மா நிக்கணும். கை வைக்கக் கூடாது. செவுத்துலயே எழுதியிருக்கு. நிறுத்து, கூப்பிடு, காத்திரு.” பிரவீனின் குரல் மாறியது. “போன மாசம் கயித்தை இழுத்துட்டு நானே சரி பண்ணப் போனேன். அந்த மணிகண்டபிரபு எல்லார் முன்னாடியும் கத்தினார். ‘கூப்பிட்டீங்க இல்ல? நான் வர்ற வரைக்கும் நிக்க முடியாதா?’ன்னு. அப்பவே எம்மேல அவருக்குக் காண்டு.”

ஒரகடத்துக் கம்பெனியில் பிரவீனின் செக்‌ஷனில் ஒரு ஆளைக் குறைக்கப் போகிறார்கள். யார் என்று நாளைக்குத் தெரியும். பெயரைக் கொடுப்பவர் சூப்பர்வைசர் மணிகண்டபிரபு. ஆகவே, யார் என்று பிரவீனுக்கு இன்றைக்கே தெரியும்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. காலை ஆராதனையில், “ஆண்டவரே, உம்மை மட்டும் நம்பியிருக்கிறேன்” என்று கண்ணீரோடு ஜெபித்தான். மதியம் சாப்பிட்டதும் குன்றத்தூருக்குக் கிளம்பினான். அங்கே ஒரு ஜெபவீட்டில் செல்லம்மாள் சிஸ்டர் நடக்கப்போவதைச் சொல்வாராம்.

புதன்கிழமை மணிமங்கலத்தில் ஒருவர், “வேலை நிலைக்கும்” என்று சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமை படப்பையில் இன்னொருவர், “வேறு வாசல் திறக்கும்” என்று சொல்லியிருந்தார்.

“ஆண்டவர்கிட்ட சொல்லியாச்சு இல்ல? அப்புறம் எதுக்கு ஊர் ஊரா அலையுறீங்க? அவரை நம்பலையா?” என்று கிளம்பும்போது மனைவி கேட்டாள்.

“நம்பாமலா? அவர் இன்னா செய்யப்போறார்னு முன்னாடியே தெரிஞ்சா இன்னும் நல்லா நம்பலாம்.”

ஜெபவீட்டு வாசலில் டோக்கன் கொடுத்தார்கள். தென்றல் அதை வாங்கி வைத்துக்கொண்டாள். நிழலில் ஒரு நீள பெஞ்சு. ஓரத்தில் இருந்தவர் நகர்ந்து இடம் கொடுத்தார்.

மணிகண்டபிரபு.

பிரவீன் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தான்.

“மணிகண்டபிரபு சார், நீங்க எங்க இங்க? நீங்க சபரிமலைக்கு மாலை போடுறவராச்சே?”

“எல்லா எடத்துலயும் கேட்டுட்டேன், பிரவீன். இதுதான் பாக்கி.”

“அப்பா, காத்திருன்னு கத்தினது இந்த அங்கிளா?” என்றாள் தென்றல்.

பிரவீன் இருமினான்.

“நான்தாம்மா” என்றார் மணிகண்டபிரபு.

“உங்களுக்கு இன்னா புரியல, அங்கிள்?”

அவர் பிரவீனைப் பார்க்காமல் அவளிடமே சொன்னார்.

“வேலையை வுட்டு எடுக்க ஒரு ஆள் பேர் குடுன்னாங்க. யார் பேரை எழுதினாலும் அவன் வூட்ல உன்ன மாதிரி ஒண்ணு இருக்குது. என் பேரையே குடுத்துட்டேன். குடுத்ததுலேர்ந்து தூக்கம் இல்ல. வூட்ல கூட இன்னும் சொல்லல. செஞ்சது சரியான்னு யாராவது சொன்னாப் போதும்.”

பிரவீன் அவர் பக்கம் திரும்பினான்.

“எப்போ சார் குடுத்தீங்க?”

“போன திங்கக்கிழமை.”

மணிமங்கலத்துக்கும் படப்பைக்கும் பிரவீன் அலைந்தது அதற்குப் பிறகுதான்.

உள்ளேயிருந்து பிரவீனின் டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள். அவன் எழுந்திருக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டார்கள்.

“அங்கிள், நீங்க எதுல வந்தீங்க?” என்று தென்றல் கேட்டாள்.

“ஷேர் ஆட்டோவுலம்மா.”

தென்றல் டோக்கனை பெஞ்சின் மேல் வைத்தாள். வெளியே போனாள். பைக்கின் பின் சீட்டைக் காலியாக விட்டுவிட்டு, டேங்க் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.