கையில் இருந்த ஸ்பேனர்

மெக்கானிக் சூசைமாணிக்கத்தின் கையில் அவருடைய பழைய ஸ்பேனரைக் கொடுத்துத்தான் சவப்பெட்டிக்குள் கிடத்தியிருந்தார்கள். மாலையோடு வந்த தேவநாதனைக் கண்டதுமே மகள் ஜெசிந்தா பெட்டியை ஒட்டி வந்து நின்றாள். தேவநாதனின் பழைய ஸ்போர்ட்ஸ் காரோடு அந்தக் காலத்திலேயே வந்த டூல் கிட்டில் அந்த ஒரு ஸ்பேனர்தான் இல்லை. அதைக் கேட்டு, அப்பா மூச்சுத் திணறிக் கிடந்த ஆஸ்பத்திரிக்கே ஆப்பிளோடு வந்தவர். "செத்தாலும் தர மாட்டேன் சார்" என்று அப்பா சிரித்தார்.

"மாணிக்கம், போயிட்டியேப்பா!" தேவநாதன் பெட்டிமேல் கவிழ்ந்தார். அழுதுகொண்டே, மாலைக்கு அடியில் விறைத்த விரல்களை ஒவ்வொன்றாக அவர் நிமிர்த்துவதை ஜெசிந்தா மட்டும் பார்த்தாள். ஒரு விரலில் சொடக்குச் சத்தம் கேட்டது. பழையது அவர் கோட்டுப் பைக்குள் போனது. அதே அளவில் பளபளவென்று புதியது ஒன்று அப்பாவின் கைக்கு வந்தது. மூக்கைச் சிந்திவிட்டு, அதே கையால் அவள் தலையைத் தடவினார். "தைரியமா இரும்மா."

பெட்டியை மூடுவதற்காக மாலைகளை அள்ளினார்கள். பிரிந்த விரல்கள் எதையும் பிடித்திருக்கவில்லை. பூக்களோடு வந்த புதிய ஸ்பேனர் ணங்கென்று தரையில் விழுந்தது. ஜெபம் நின்றது. ஜெசிந்தா அதை எடுத்து நீட்டினாள்.

"சார், இது உங்களோடது. அப்பாவோடது உங்க பையில இருக்கு."

எல்லோரும் அவர் கோட்டையே பார்த்தார்கள். தேவநாதன் பையைப் பொத்திக்கொண்டு முன்பைவிடச் சத்தமாக அழத் தொடங்கினார்.