பதினேழாம் நம்பர்

"என் வீட்டுக்காரி எப்படிம்மா இருக்கா?"

தையல்காரர் வழக்கம்போலக் கேட்டுக்கொண்டே வந்தார். ஆய்வகத்தில் செல் வளர்ப்பவள் இன்று நிமிர்ந்து பார்க்கவில்லை. வெளியாட்களை உள்ளே விடக்கூடாது என்பது விதி. மனைவியைப் பறிகொடுத்தவர் மாதம் ஒருமுறை வந்து நின்றால் என்ன செய்வது? விட்டுவிடுவாள்.

இன்குபேட்டரைத் திறந்து பதினேழாம் பாட்டிலை எடுத்து நுண்ணோக்கியில் வைத்தாள். மூன்று வருடம் முன்பு ஒரு முகாமில் தம்பதிகளிடம் எடுத்த ரத்தம்; பதினேழு அவர் மனைவியின் எண். ஒரு வைரஸை ஏற்றிவிட்டதால் அதிலிருந்த செல்கள் சாகாமல் பெருகிக்கொண்டிருந்தன. அவற்றில் வேறொரு காய்ச்சல் வைரஸை விட்டு, யாருடைய மரபணு அதற்கு இடம் கொடுக்கிறது, யாருடையது தடுக்கிறது என்று பார்ப்பதுதான் அங்கே வேலை.

"பொத்தான் டப்பாவைக் கொட்டின மாதிரி இருக்கா," என்றார் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமல். "காய்ச்சல் ஒட்டிச்சா?"

"இந்தத் தடவையும் ஒட்டல."

"அப்படித்தான் இருக்கணும்."

"பதினாறு உங்களுது. அதைப் பார்க்கவே மாட்டேங்கறீங்க."

"அந்த மூஞ்சியைத்தான் தினம் கண்ணாடில பார்க்கறேனே."

பதினாறிலும் காய்ச்சல் ஒட்டுவதில்லை. ஜோடிப் பொருத்தம் என்றால் இதுதான் என்று போன மாதம் அவளே கேலி செய்திருந்தாள். இன்று கேலி வரவில்லை.

"சார், ஒண்ணு சொல்லணும். நேத்து மரபணு டெஸ்ட் ரிசல்ட் வந்துச்சு. இது பொம்பளை ரத்தமே இல்ல. லேபிள் எங்கயோ மாறியிருக்கு. இன்னைக்கே கொட்டிடச் சொல்லிட்டாங்க. இத்தனை நாளா யாரோ ஒரு ஆம்பளையைக் காட்டி உங்களை ஏமாத்திட்டேன்."

தையல்காரர் கோபப்படவில்லை.

"லேபிள் சரிதாம்மா. ஆள்தான் மாறிடுச்சு."

"என்ன சார் சொல்றீங்க?"

"நாள் முழுக்க ஊசியும் கையுமா இருந்தவ, ஆஸ்பத்திரி ஊசியைக் கண்டா மயங்கிடுவா. முகாம்ல நல்ல கூட்டம். அவ சீட்டை வாங்கிட்டு நானே ரெண்டாவது தடவையும் கையை நீட்டினேன். வீடு வந்து சேர்ற வரைக்கும் சிரிச்சா."

"இது நீங்கதான்னு தெரிஞ்சுமா மாசாமாசம் வந்தீங்க?"

அவர் பாட்டிலின் மேலிருந்த எண்ணை விரலால் தடவினார்.

"அவளைக் கொண்டுபோனது இதே காய்ச்சல்தாம்மா. அவ நம்பர் போட்ட இடத்துலயாவது அது தோத்துப்போறதைப் பார்க்கத்தான் வந்தேன்."

அவர் விரலை எடுத்ததும் அவள் பாட்டிலைக் கையில் எடுத்தாள்.

"ரெண்டும் ஒரே ஆள்னா ஒரு பாட்டில் போதும்," என்றாள். பதினேழைத் திரும்ப இன்குபேட்டரில் வைத்துவிட்டு, கொட்டுவதற்குப் பதினாறை எடுத்தாள்.